காசியில் எங்கே தங்குவது? முழங்கால் வலியுள்ள பெற்றோருடன் செல்பவருக்கு

கேள்வி: எழுபது வயதைக் கடந்த, முழங்கால் வலியுள்ள என் பெற்றோரை நவம்பரில் காசிக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். கோயிலிலிருந்து ஐந்நூறு மீட்டரில் கங்கை தெரியும் அறை தருவதாகவும், நான்கே நாளில் காசி, கயா, பிரயாக்ராஜ், அயோத்தி அனைத்தையும் காட்டிவிடுவதாகவும் ஏஜென்ட் சொல்கிறார். முன்பணம் கட்டலாமா? (கோவை வாசகி ஒருவர்)

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். ஐந்நூறு மீட்டர் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காசியில் கேட்க வேண்டியது தூரத்தை அல்ல. வண்டி எதுவரை வரும், அங்கிருந்து எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்ற இரண்டையும்தான். எந்த விளம்பரமும் இவ்விரண்டையும் சொல்வதில்லை.

இதற்குக் காரணம் ஊரின் நில அமைப்பு. கிழக்கு நோக்கி ஓடும் கங்கை இங்கே வில்லாக வளைந்து தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. வளைவின் வெளிப்புறமான மேற்குக் கரை, சுண்ணாம்புக் கட்டிகள் கலந்து இறுகிய களிமண் மேடு; ஆறு காலங்காலமாக மோதியும் கரையாமல் நிற்கும் அந்த மேட்டின்மேல்தான் பழைய நகரம் அமைந்திருக்கிறது. எதிர்க்கரையில் ஆறு மணலைக் கொட்டி வைத்து, மழைக்காலத்தில் அதை மூழ்கடித்தும் விடுவதால், நகரத்துக்கு நேர் எதிரே குடியிருப்பு எழவில்லை. சூரியோதயம் தடையின்றித் தெரிவதும் அதனால்தான். தெற்கே அஸ்ஸியிலிருந்து வடக்கே வருணை சங்கமம் வரை எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மேட்டிலிருந்து செங்குத்தாக இறங்குபவை. பழைய ஓடைகள் மேட்டை அறுத்துக்கொண்டு ஆற்றில் கலந்த இடங்களில் மட்டும் சரிவு மென்மையாக இருக்கும். தசாஸ்வமேத படித்துறைக்குச் செல்லும் சாலை அப்படித் தூர்ந்துபோன ஓடையின் வழி. அஸ்ஸி படித்துறையும் அப்பெயர் கொண்ட சிற்றாறு கலந்த இடத்தில் உள்ளது.

ஆகவே அஸ்ஸிப் பக்கம், சாலையை ஒட்டிய விடுதியில், தரைத்தள அறை கேளுங்கள். வாசல்வரை வண்டி வருமா என்பதை ஏஜென்டிடம் கேட்காமல் விடுதிக்கே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். கங்கை தெரியும் அறை என்றால் பெரும்பாலும் மேட்டு விளிம்பில், கார் நுழையாத சந்துக்குள், மூன்றாம் மாடியில் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். தமிழ்க் குரல் கேட்கும் அனுமான் காட் (அனுமன் படித்துறை), 1898-இல் பதினாறு வயதுப் பாரதி அத்தை வீட்டுக்கு வந்து தங்கிய பகுதி. பக்கத்திலுள்ள கேதார் படித்துறையில் குமரகுருபரர் வழிவந்த மடம் இருக்கிறது. ஆனாலும் அங்கே போய்வருவது வேறு, முழங்கால் வலியோடு தங்குவது வேறு. சாப்பாட்டுக்கும் நம்மவர் உதவிக்கும் கோயிலுக்கு அருகே கோதௌலியா சந்திப்புப் பக்கமுள்ள நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குப் போகும் நாளில், பெரும்பாலான நேரங்களில் கார்களைக் கோதௌலியா சந்திப்பிலோ அதற்கு முன்போ நிறுத்திவிடுவார்கள். பல நூறு கோடி செலவிட்டு 2021 டிசம்பரில் புதிய வளாகத்தைத் திறந்தவர்களுக்கு, எந்த வாசலில் எத்தனை படி என்று ஒரு பலகை எழுதி வைக்கத் தோன்றவில்லை. மூத்த குடிமக்களே அதிகம் வரும் ஊரில் இதை என்னவென்று சொல்வது! கைப்பேசி உள்ளே அனுமதியில்லை என்பதைப் பயன்படுத்தி, "லாக்கர் இலவசம்" என்று அழைக்கும் கடைக்காரர் அர்ச்சனைத் தட்டின் விலையில் அதை வசூலித்துவிடுவார். கைப்பேசியை அறையிலேயே வைத்துவிடுங்கள். விரைவு தரிசனச் சீட்டைக் கோயில் நிர்வாகமே இணையத்தில் விற்கிறது. அதையே "விஐபி தரிசனம்" என்று கூடுதல் விலைக்கு விற்பவரிடம் வாங்காதீர்கள். படகுக்காரரிடம் பேசும்போது, சொன்ன தொகை ஆளுக்கா படகுக்கா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தகராறுகளில் பாதி இதில்தான் தொடங்குகிறது. நெசவுக் கூடம் பார்க்கலாம் என்று ரிக்‌ஷாக்காரர் அழைத்துப்போகும் இடம் அவருக்குக் கமிஷன் தரும் பட்டுக்கடை என்பதையும் நினைவில் வையுங்கள். நவம்பரில் வடநாட்டுக் கணக்கிலான கார்த்திகைப் பௌர்ணமி வந்தால் அன்று தேவ தீபாவளி. கரை முழுவதும் விளக்குகள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் பெற்றோருக்கு அந்தக் கூட்டம் ஆகாது.

ஐயாயிரம் ஆண்டுக் கட்டடம் என்று வழிகாட்டி எதைக் காட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். ஊர் மிகப் பழையது. நகரின் வடபுறமுள்ள ராஜ்காட்டில் நடந்த அகழாய்வு அதைக் காட்டுகிறது. கண்ணில் படும் கல் படித்துறைகளும் மாளிகைகளுமோ பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் எழுந்தவை. இப்போதுள்ள விசுவநாதர் கோயிலை அந்த நூற்றாண்டில் கட்டியவர் இந்தூர் அரசி அகல்யாபாய் ஓல்கர். உண்மையான தொன்மையைப் பார்க்க வேண்டுமானால் சுமார் 10 கிலோமீட்டரிலுள்ள சாரநாத்துக்கு ஒரு காலைப்பொழுது போய் வாருங்கள். அது சமதளமான இடம்; பெற்றோருக்கும் எளிது. நம் நாட்டுச் சின்னமான சிங்க முகப்பு அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.

நான்கு நாள் திட்டத்தை மறுத்துவிடுங்கள். பிரயாக்ராஜ் மேற்கே சுமார் 120 கிலோமீட்டர், கயா கிழக்கே சுமார் 250, அயோத்தி வடக்கே 200-க்கும் மேல். மூன்றும் மூன்று திசைகள். காசியில் மூன்று இரவு தங்கி, பிரயாக்ராஜுக்கு ஒரு நாள் காரில் போய் வாருங்கள். பித்ரு காரியம் செய்வதானால் கயாவைச் சேர்த்து ஐந்தாறு நாளாக்குங்கள், அயோத்தியை விடுங்கள். காரியத்துக்கான தொகையை ஏஜென்ட் மூலம் பேசாமல் அனுமான் காட்டிலுள்ள தமிழ் வாத்தியாரிடம் நேரில் பேசுங்கள்.

ரயிலில் போவதானால் இன்னொன்றையும் கவனியுங்கள். கயா வழியாக டெல்லி செல்லும் பிரதான பாதையின் ரயில்களில் பல காசி நகருக்குள் வருவதில்லை; ஆற்றுக்கு அக்கரையில், சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியுள்ள பண்டித தீனதயாள் உபாத்யாயா சந்திப்பில் நின்று போய்விடும். 2018 வரை முகல்சராய் என்றிருந்த அதே நிலையம்தான் அது. பழைய பெயரைச் சொல்லும் ஏஜென்டும் புதிய பெயர் அச்சிட்ட சீட்டும் சேர்ந்து புதியவரைக் குழப்பிவிடும். நகருக்குள்ளேயே வாராணசி சந்திப்பு ஒன்று, மண்டுவாடீ என்ற பெயர் மாறிய பனாரஸ் நிலையம் ஒன்று, காசி என்ற நிலையம் ஒன்று, வாராணசி சிட்டி ஒன்று எனப் பல இருக்கின்றன. எனவே சீட்டிலுள்ள நிலையத்தின் முழுப் பெயரைப் படித்து, அதே பெயரை எழுதி விடுதிக்கு அனுப்பி, அந்த நிலையத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அக்கரையிலுள்ள தீனதயாள் உபாத்யாயா சந்திப்பில் இறங்க நேர்ந்தால், பாலத்து நெரிசலையும் கணக்கிட்டு, விடுதி சேர ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.