முற்றத்து மரவேலைக்கு எந்த மரம்?

கல்லடியிலிருந்து: வெயில் மழையில் வெளியே கிடக்கிற மாதிரி ஒரு வாங்கு செய்யப்போறம். தேக்கா, முதிரையா?

வைரமாக, அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதியாக இருந்தால் இரண்டும் நிற்கும். வைரத்தைச் சுற்றியிருக்கும் இளம் பகுதியான வெள்ளை எந்த மரத்திலும் தாங்காது. தேக்கின் வெள்ளையும் பூஞ்சணத்துக்கும் கறையானுக்கும் இரைதான். மரக்காலையில் பலகையை ஒரு பக்கம் சீவச் சொல்லிப் பாருங்கள். தேக்கு வைரம் பொன் கலந்த மண்ணிறம், விரலில் மெழுகு பட்டது போல இருக்கும். வெள்ளை வெளிறிய மஞ்சள். இளமரத்தில் வெள்ளை கூடுதல், அதனால் விலை மலிவென்று மயங்காதீர்கள். முதிரை தேக்கைவிடப் பாரமும் உறுதியும் கூடியது, ஆனால் துளை போடாமல் ஆணி அடித்தால் பிளந்துவிடும்.

இருக்கைப் பலகைகளை ஒட்டி அடிக்க வேண்டாம், கால் அங்குல இடைவெளி விடுங்கள். வறண்ட கச்சான் காற்றில் சுருங்கும் பலகை மாரியில் ஊதும். இடமில்லாவிட்டால் வளைந்து எழும்பும், இடுக்கில் தண்ணீரும் தேங்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து: பாகல் பந்தல் கால்கள் மண் மட்டத்திலேயே முறியுது. பிடுங்கிப் பார்த்தா அடி நல்லாத்தான் இருக்கு. ஏன்?

மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே வேண்டும். ஆழத்தில் காற்றுக் குறைவு, மேலே மரம் சீக்கிரம் காயும். மண் மட்டத்தில் இரண்டும் எப்போதும் உண்டு.

பந்தல் காலை மண்ணில் நடாமல் நிறுத்துவதே நல்லது. ஓரடிச் சதுரம், ஒன்றரை அடி ஆழக் குழியில் கொங்கிறீட் போட்டு, ஈரமாக இருக்கும்போதே கல்வனைஸ் இரும்புத் தட்டு இரண்டை நிமிர்த்தி இறக்குங்கள். கால் அவற்றுக்கு நடுவே, கொங்கிறீட்டிலிருந்து 2 அங்குலம் உயர்ந்து, போல்ட்டில் நிற்க வேண்டும். அந்த இடைவெளி தெரிந்தால் கறையான் மண்பாதை கட்டுவதும் கண்ணில் படும்.

நட்டே ஆகவேண்டுமென்றால் பாலை வைரம் அல்லது முற்றிய பனையின் கறுப்பு வைரம். முன்பு ரயில் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டையாகப் போட்டது பாலையைத்தான். காலைச் சுற்றிச் சீமெந்தை நிரப்பினால் சுருங்கிய மரத்துக்கும் சீமெந்துக்கும் நடுவே தண்ணீர் இறங்கி நிற்கும். சுற்றிவரச் சல்லி போட்டு இறுக்குங்கள்.

காரைதீவிலிருந்து: ஆணியைச் சுற்றி மரம் கறுத்துப்போகுது. மரம் கூடாததோ?

மரத்தில் குறையில்லை. உப்புக்காற்றில் இரும்பு கறள் பிடிக்க, மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து அதோடு சேர்ந்து கறுக்கிறது. கடலோரத்தில் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரூ ஆணி வாங்குங்கள். 304 தரம் அங்கே மண்ணிறப் புள்ளி போடும். முதிரையில் 8ஆம் நம்பர் ஸ்குரூவுக்கு 3 மி.மீ. துளை.

களுவாஞ்சிகுடியிலிருந்து: பழைய எஞ்சின் ஒயில் பூசலாமா? வார்னிஷ் நல்லமா?

ஒயில் வேண்டாம். அதிலுள்ள உலோகக் கழிவு மழையோடு மண்ணில் இறங்கும். மணல் நிலத்தில், ஆழமில்லாத கிணற்றுக்குப் பக்கத்தில் அது பெரிய ஆபத்து. தெளிந்த வார்னிஷ் வெயிலில் வெடிக்கும், வெடிப்பால் புகுந்த தண்ணீர் உள்ளேயே அடைபடும். தேக்கைச் சும்மா விட்டால் சாம்பல் நிறமாகும், உறுதி குறையாது. மற்ற மரங்களுக்கு வெளிப்புறப் பெயின்ற். எதுவானாலும் பலகையின் இரு முனையிலுமுள்ள வெட்டுமுகத்துக்கு இரண்டு தடவை கூடுதலாகப் பூசுங்கள். மரம் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

வாழைச்சேனையிலிருந்து: மரத்தைப் போரக்ஸ் (வெங்காரம்) கரைசலில் ஊறவைத்தால் பூச்சி பிடிக்காதா?

வீட்டுக்குள் பாவிக்கும் மரத்துக்கு நல்லது. வெளியே மழை அதைக் கழுவிவிடும்.

திருக்கோவிலிலிருந்து: வளவில் நிற்கிற பலாவை வெட்டிப் படலை செய்யலாமா?

பலா வைரம் படலைக்கு நல்ல மரம். ஆனால் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் சொந்த வளவிலும் அனுமதி எடுத்துத்தான் வெட்டலாம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பலகையாக்கினதும் நிழலில், இடையிடையே மெல்லிய மரச்சட்டம் வைத்து அடுக்கிக் காயவிடுங்கள். அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் பொறுத்தால் இணைப்பு விலகாது.