வாசகர் கடிதம்: செத்த ஹீரோ எப்படியும் திரும்பி வரப்போறான், நடுவுல இந்தப் புது ஆள் எதுக்கு?

அண்ணா வணக்கம். காமிக்ஸ் பத்தி நீங்க எழுதுறதை விடாம படிக்கிறேன். எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. பெரிய ஹீரோ ஒருத்தன் சாகுறான், உடனே அவன் டிரெஸ்ஸை மாட்டிக்கிட்டு ஒரு பொடியன் வர்றான், நாம அவனுக்குப் பழகி முடிக்கிறதுக்குள்ள பழைய ஆள் உயிரோட வந்து நிக்கிறான். சூப்பர்மேன், கேப்டன் அமெரிக்கா, ஃப்ளாஷ் எல்லாம் இதே கதைதான். புக் விக்கிறதுக்குப் பண்ற வேலைதானே இது? இந்த வாரிசுங்களை எல்லாம் சீரியஸா படிக்கணுமா? படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது?
(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

வணக்கம் தம்பி,

புக் விக்கிற வேலைதான், அதுல என்ன சந்தேகம். 1992 கடைசியில சூப்பர்மேனைக் கொன்னாங்க, 1993ல அவர் இடத்துக்கு நாலு பேர் வந்து நின்னாங்க, அந்த வருஷமே அவரும் நீளமா முடி வளர்த்துக்கிட்டு திரும்பி வந்துட்டாரு (அந்த முடிக்கே தனியா ஒரு கடிதம் எழுதலாம்). கேப்டன் அமெரிக்கா 2007ல செத்தாரு, 2008ல அவரோட பழைய கூட்டாளி பக்கி பார்ன்ஸ் கேடயத்தை எடுத்தான், கூடவே இடுப்புல ஒரு துப்பாக்கியும் வச்சுக்கிட்டான், நல்லாத்தான் போச்சு, ஆனா 2009லயே பழைய கேப்டன் ஸ்டீவை வரவைக்கிற கதையை ஆரம்பிச்சுட்டாங்க.

ஆனா அந்த லிஸ்ட்ல ஃப்ளாஷையும் சேர்த்தீங்க பாருங்க, அதை மட்டும் என்னால ஒத்துக்க முடியாது. மின்னல் வேகத்துல ஓடுற ஃப்ளாஷா இருந்த பேரி ஆலன் செத்தது 1985ல, ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ 8வது இதழ்ல. பிரபஞ்சத்தையே அழிக்கிற ஒரு பீரங்கியைச் சுத்திச் சுத்தி ஓடி, ஓட ஓட உடம்பு கரைஞ்சு, மிஞ்சினது வெறும் டிரெஸ்தான். அவரை நிஜமா திரும்பக் கொண்டுவந்தது 2008ல. நடுவுல இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி, அதுக்குள்ள ஒரு தலைமுறை வாசகனுக்கு ஃப்ளாஷ்னா அது அவர் இடத்துக்கு வந்த வாலி வெஸ்ட்னு ஆயிடுச்சு. வாரிசுக்கு வேண்டியது சக்தி இல்ல, டைம். அந்த டைமை கம்பெனிக்காரன் குடுத்தது வாலிக்குத்தான், பக்கிக்குக் கூட அவ்வளவு கிடைக்கல.

அதை எப்படி செலவு பண்ணாங்கன்னு பாருங்க. வாலி யாரு, பேரியோட மனைவி ஐரிஸுக்கு அண்ணன் பையன், சின்ன வயசுலயே கிட் ஃப்ளாஷா அவர் பின்னாடி ஓடினவன். 1987ல அவன் பேர்ல புது சீரிஸ் மைக் பேரன் எழுதி ஆரம்பிக்குது, முதல் இதழ்லயே ஆபரேஷனுக்காக ஒரு இதயத்தை எடுத்துக்கிட்டு நியூயார்க்ல இருந்து சியாட்டில் வரைக்கும் ஓடணும், பையன் என்ன கேக்குறான் தெரியுமா, எனக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் போட்டுக்குடுங்கன்னு கேக்குறான். பேரியா இருந்தா வாயே திறக்காம ஓடியிருப்பாரு. இவனுக்கோ வேகமும் கம்மி, ஒலியோட வேகத்தைத் தொடுறதே பெரிய விஷயம், ஓடி முடிச்சா அகோரப் பசி வேற. லாட்டரியில பணம் விழுது, பெண்கள் விஷயத்துல ஆள் மோசம், சில இடத்துல படிக்கிற நமக்கே அவன் மேல எரிச்சலா வரும். எனக்குப் பிடிச்சதே இதுதான், டிரெஸ் மாட்டின உடனே அவனைப் பெரிய மனுஷன் ஆக்கிடல, வருஷக்கணக்குல சின்ன ஆளாவே விட்டு வச்சிருந்தாங்க.

அப்புறம் 1993. மார்க் வைட் எழுதின ‘தி ரிட்டர்ன் ஆஃப் பேரி ஆலன்’. முன்னாடியே சொல்லிடுறேன், சஸ்பென்ஸை உடைக்கப்போறேன், வேண்டாம்னா அடுத்த பாராவைத் தாண்டிடுங்க.

செத்த பேரி ஒரு நாள் வந்து நிக்கிறாரு. ஊரே கொண்டாடுது, வாலிக்கும் சந்தோஷம் தாங்கல. ஆனா போகப்போக அவரு ஒரு மாதிரி ஆகுறாரு, வாலியை ஃப்ளாஷ்னு யாராவது சொன்னாலே முகம் மாறுது, கடைசியில அவனைச் சாகட்டும்னு விட்டுட்டுப் போற அளவுக்குப் போயிடுது. அது பேரியே இல்ல, இயோபார்ட் தாவ்ன்னு ஒருத்தன். 25வது நூற்றாண்டுல பேரி மேல வெறி பிடிச்ச ஒரு ரசிகன், அவரை மாதிரியே முகத்தை ஆபரேஷன் பண்ணி மாத்திக்கிட்டவன், பின்னாடி ரிவர்ஸ் ஃப்ளாஷ்ங்கிற வில்லனா வரப்போறவன். உங்க கடுப்புக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குக் கிடைக்கல. ‘எங்க பழைய ஆளைக் கொண்டா, இந்தப் பொடியன் வேண்டாம்’னு அந்தக் காலத்து வாசகன் கேட்டுக்கிட்டே இருந்தான் இல்லையா, அந்த ஆசைக்கே ஒரு முகத்தைக் குடுத்து வில்லனா நிறுத்திட்டாரு வைட். அதுக்கு மேல இன்னொண்ணு, வாலியோட வேகம் ஏன் கம்மியாவே இருந்துச்சுன்னும் இங்கதான் சொல்றாரு. உடம்புல கோளாறு இல்ல, பயம். பேரி அளவுக்கு ஓடிட்டா அவர் இடத்தை நிஜமாவே எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அப்புறம் அவரு செத்தது செத்ததுதான்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். அது உடையிற இடத்துல அவன் ஓடுறான் பாருங்க, நான் அந்தப் பக்கங்களை இப்பவும் எடுத்துப் பாப்பேன்.

2008க்கு அப்புறம் நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. பேரி வந்தாரு, 2011ல மொத்தக் கதையையும் புதுசா ஆரம்பிக்கிறோம்னு சொல்லி வாலியை ஆளே இல்லாம ஆக்கினாங்க, 2016ல திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க, அதுக்கப்புறம் அவனை வச்சுப் பண்ண சில கூத்தைப் பத்தி எழுதினா எனக்கு பிபி ஏறும்.

மைல்ஸ் மொராலஸையும் விட்டுடாதீங்க. மார்வெலோட அல்டிமேட்ங்கிற தனி வரிசையில ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் 2011ல செத்தான், சில வாரத்துலயே மைல்ஸ் கிட்டத்தட்ட அதே டிரெஸ்ல வர்றான், ரோட்ல நிக்கிற ஜனங்க கை தட்டல, செத்தவன் டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு வர்றியே, நல்லாவா இருக்குன்ற மாதிரி கேக்குறாங்க. பையனும் யோசிச்சுப் பாத்து, ஆமால்லன்னு ஆயிடுறான். நான் முன்னாடியே இறங்கியிருந்தா பீட்டரைக் காப்பாத்தியிருக்கலாமோன்னு அவனுக்குள்ள ஒரு உறுத்தல் இருக்கு, அந்தச் சீரிஸே அதுலதான் நிக்குது.

ஆரம்பிக்கிறதுக்கு ‘ஃப்ளாஷ்’ 1987 சீரிஸ்ல 74வது இதழ்ல இருந்து 79வது இதழ் வரைக்கும் எடுங்க, ‘தி ரிட்டர்ன் ஆஃப் பேரி ஆலன்’ அதுதான், தனி புத்தகமாவும் வந்திருக்கு. மைக் பேரன் எழுதின ஆரம்ப இதழ்களை அப்புறமா படிங்க, முதல்ல அதை எடுத்தா வாலியைப் பிடிக்காமப் போய் பாதியிலயே வச்சுடுவீங்க.