டியூப் போடும்போது ஏறும் பிரஷர்: மயக்க மருத்துவர் பதில்கள்

நோயாளி முழு மயக்கத்தில் இருக்கிறார். மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது பிரஷர் ஏன் ஏறுகிறது, டாக்டர்?

நினைவு போனாலும் அனிச்சைச் செயல்கள் அவ்வளவு சீக்கிரம் அடங்குவதில்லை. லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்க உதவும் கருவி) பிளேடு நாக்கின் அடிப்பகுதியைத் தூக்கியதுமே சேதி மூளைத்தண்டுக்குப் போய்விடும். ரத்தக்குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலின் ரத்தத்தில் கூடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சம், 5 முதல் 10 நிமிடத்தில் பெரும்பாலும் பழைய நிலை. திடமான உடம்பு இதைத் தாங்கிக்கொள்ளும். மூளை ரத்தக்குழாயில் வீக்கம் உள்ளவருக்கும், இதயத்தில் அடைப்பு உள்ளவருக்கும், ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறும் நோய்) வந்த கர்ப்பிணிக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடமே ஆபத்து.

ஃபென்டனில் (வீரியமான வலிநீக்கி) கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் கொடுத்தும் பிரஷர் 190க்குப் போய்விட்டது. டோஸ் போதவில்லையா? (முதுகலை மாணவர்)

டோஸை விடுங்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? ஃபென்டனில் முழுதாக வேலை செய்ய 3 முதல் 5 நிமிடம் வேண்டும். கொடுத்த கையோடு பிளேடை எடுத்தால் பிரஷர் ஏறத்தான் செய்யும். அப்புறம் டியூப் போட்டு, பிளாஸ்டர் ஒட்டி, எல்லோரும் கையை எடுத்த பிறகு மருந்து உச்சத்துக்கு வரும். தூண்டுதல் இருக்காது, பிரஷர் 80க்கு விழும். பயிற்சிக் காலத்தில் எனக்கே இப்படி நடந்திருக்கிறது. அன்றிலிருந்து ஊசி போட்டதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

எஸ்மோலால் என்ற இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை செய்யும், அரை ஆயுள் (உடம்பில் பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 9 நிமிடம்தான். இந்தக் கொஞ்ச நேர ஏற்றத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னை (கிலோவுக்கு 1.5 மி.கி.) மட்டும் நம்பி நான் இறங்க மாட்டேன்.

இன்னொன்று, உங்கள் கை. தசைத் தளர்வு முழுதாக வரும்வரை பொறுங்கள். பிளேடு வாய்க்குள் 15 நொடிக்கு மேல் இருக்கக் கூடாது. தேடத் தேடப் பிரஷர் ஏறும்.

எல்லா மருந்தையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால்?

வேண்டாம். வயதானவர்களுக்கும் நாள்பட்ட பிரஷர்காரர்களுக்கும் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

எனக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். காலை பிரஷர் மாத்திரை போடலாமா?

மாத்திரையைப் பொறுத்தது. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரில் போடச் சொல்வோம். எனலாப்ரில், டெல்மிசார்டான் வகையைப் பலருக்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வோம், மயக்கத்தில் பிரஷர் ரொம்ப இறங்கலாம் என்பதால். நீங்களாக முடிவெடுக்காதீர்கள். மாத்திரை அட்டையையே கையோடு கொண்டுபோய் உங்கள் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள்.