சமூக வனத்துக்கு நிதி கோருவது எப்படி?

கேள்வி: எங்கள் மலைக்கிராமத்துக்குச் சமூக வன வள உரிமைப் பட்டயம் (காட்டைக் கிராமமே பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமைக்கான ஆவணம்) கிடைத்துள்ளது. காட்டை மீட்டெடுக்க நிதி கோருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ், 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, கிராம சபை அமைக்கும் குழுவே மேலாண்மைத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும், சபை அதனை ஏற்ற தீர்மானத்தின் நகலை விண்ணப்பத்துடன் இணையுங்கள். நாற்று நடும் செலவை மட்டும் கணக்கிட்டுவிட்டு, அடுத்த மூன்று கோடைகளுக்கான களையெடுப்பு, தீத்தடுப்புக் கோடு (தீ பரவாமல் சருகும் புதரும் அகற்றிய பாதை), பட்டுப்போன கன்றுகளுக்கு மாற்று நடவு ஆகியவற்றின் கூலியை மறந்துவிடுவதே நான் அடிக்கடி காணும், மனத்தை வருத்தும் பிழை. பணத்தைத் தனிநபர் கணக்கில் ஒருபோதும் பெறாதீர்கள். குழுவின் பெயரில் கூட்டுக் கையொப்பக் கணக்குத் தொடங்கி, கூலிப் பதிவேட்டையும் ரசீதுகளையும் ஒவ்வொரு கிராம சபையிலும் வாசித்துக் காட்டுங்கள். பெற்ற நிதியை உரிய வேலைக்கே செலவிட்டதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணையும் தாமதமாகும்.