‘சேவ் மை ஃபேஸ்’ அந்த மெயிலில் வேண்டாம்
தம்பி, ராயபுரம் கிளியரிங் ஆபீஸில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் படிவம்) தாமதமானதற்கு மேனேஜருக்கு எழுதும் மெயிலில் ‘ஐ வான்ட் டு சேவ் மை ஃபேஸ்’ போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். அது மானம் போகாமல் தப்பிக்கப் பார்ப்பது. தப்பை மூடி மறைக்கிறீர்கள் என்றே அவருக்குப் படும்.

போன மதிப்பை நல்ல வேலையால் மீட்பதற்கு ‘ரிடீம் மைசெல்ஃப்’. சவுகார்பேட்டையில் அடகு நகையை மீட்கிறோமே, அதே ரிடீம்தான். இங்கே மீட்கப்படுவது ஆள். அதனால் ‘ரிடீம் மை ரெஸ்பெக்ட்’ இடிக்கும். மதிப்பைச் சொல்ல ‘ரீகெய்ன்’ அல்லது ‘வின் பேக்’. ஆள் மாறினால் பின்பாதியும் மாறும்: ஹீ என்றால் ஹிம்செல்ஃப், தே என்றால் தெம்செல்வ்ஸ். எதைச் செய்து மீட்டார் என்பதற்கு ‘பை’ போட்டு வினையோடு ‘இங்’ சேருங்கள்: ‘ஹீ ரிடீம்டு ஹிம்செல்ஃப் பை ஃபைலிங் தி நெக்ஸ்ட் ஒன் ஆன் டைம்.’

ஆனால் மேனேஜருக்கு நீங்களே எழுதும்போது ‘ஐ ஹோப் டு ரீகெய்ன் யுவர் ட்ரஸ்ட்’ போதும். அதற்கு முன்னால் மன்னிப்பு, தாமதத்தின் காரணம், இனி யார் எப்போது சரிபார்ப்பார்கள் என்ற மூன்றும் வரட்டும். தாமதக் கட்டணம் விழுந்திருந்தால் தொகையை மறைக்காமல் எழுதுங்கள்.