கறுப்பும் க்ரீமுமாய்ப் படுக்கையறை: ஒன்றரை லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் சொந்த வீடு. நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 58,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கடன் தவணை 17,500, மற்ற செலவு 32,000. கையிருப்பு 90,000. தீபாவளிக்குக் கணவருக்கு 25,000 போனஸ் வரும். எங்கள் படுக்கையறையை (12க்கு 10 அடி, உயரம் 10 அடி) கறுப்பும் க்ரீமுமாக மாற்ற ரொம்ப நாள் ஆசை. இன்டீரியர்காரர் 1,85,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்: கறுப்பு லேமினேட் அலமாரி 80,000, கறுப்பு ரெக்சின் வைத்த கட்டில் 42,000, ஃபால்ஸ் சீலிங் 28,000, சுவர் 20,000, திரை வகையறா 15,000. பேங்கில் 14 சதவீதத்தில் 1,50,000 பர்சனல் லோன் மூன்று வருடத்துக்குத் தரத் தயார். கட்டிலை மட்டும் ‘வட்டியில்லாத் தவணை’யிலும் எடுக்கலாமாம். அம்மா கொடுத்த தேக்குக் கட்டிலும் இரும்பு பீரோவும் நன்றாகவே இருக்கின்றன. ஆனித் தேரோட்டம் முடிந்ததும் வேலையை ஆரம்பிக்கலாமா?

பதில்: கடன் வேண்டாம். அறை வேண்டும். 54,000 ரூபாயில், பொங்கலுக்குள் முடித்துவிடலாம்.

முதலில் கடன் கணக்கு. 1,50,000 ரூபாய்க்கு 14 சதவீதத்தில் 36 மாதத் தவணை சுமார் 5,127. மொத்தம் கட்டுவது 1,84,500க்கு மேல். வட்டி மட்டும் 34,500. செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு இன்னும் 3,540. உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 8,500. அதில் தவணை போனால் 3,373தான் நிற்கும். தவணையும் செலவுமாக மாதம் 49,500 போகிற குடும்பத்துக்கு மூன்று மாதக் கையிருப்பு என்பது 1,48,500. உங்களிடம் இருப்பது 90,000, இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. இந்த நிலையில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகைதான் அடகுக்குப் போகும். அந்த 90,000ஐத் தொடவே கூடாது.

வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. பூஜ்ய வட்டித் திட்டங்கள் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?” 42,000 ரூபாய்க் கட்டிலை 39,000க்குத் தருவதாகச் சொன்னால், அந்த 3,000தான் வட்டி.

இனி எஸ்டிமேட். அதில் உள்ள கறுப்பு முழுவதும் கழற்ற முடியாத இடத்தில் இருக்கிறது. பளபளப்பான கறுப்பு லேமினேட்டில் கைரேகையும் கீறலும் அப்படியே தெரியும். ஆனி, ஆடிக் காற்றில் ஒரே நாளில் தூசி படியும். ரெக்சின் நம் ஊர் வேர்வைக்கும் புழுக்கத்துக்கும் சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். ஃபால்ஸ் சீலிங் 10 அடி அறையின் உயரத்தைத் தின்றுவிடும், காற்றாடியும் கீழே இறங்கும். இந்த மூன்றையும் எஸ்டிமேட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். 1,50,000 ரூபாய் அதிலேயே குறைந்துவிட்டது. க்ரீம் அறைக்கு உடம்பு, கறுப்பு அதற்கு மை தீட்டுவது போல. ஐந்தில் ஒரு பங்கு கறுப்பு இருந்தால் போதும். அதுவும் மாற்றக்கூடிய பொருளில் இருக்கட்டும்.

சுவர் வேலைக்கு உச்சவரம்பு 16,000, கூலி சேர்த்து. ஆரம்பிக்கும் முன், சுவர் அடியில் தரையோரமாக ஓடும் பட்டைக்கு (ஸ்கர்ட்டிங்) மேலே ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. முதல் பணம் வெளிச்சுவர் வெடிப்புக்கும் குழாய்க் கசிவுக்கும்தான் போக வேண்டும். ஈரச் சுவரில் கறுப்பு அடித்தால் ஐப்பசி மழையில் உப்பு பூத்து, வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். க்ரீம் சுவரில் ஓரளவு மறையும், கறுப்பில் மறையவே மறையாது.

நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் சுமார் 387. கட்டில் தலைமாட்டில் மட்டும் 7 அடி அகலம், 4 அடி உயரத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை, 28 சதுர அடி. முழுச் சுவரையும் கறுப்பாக்கினால் பிற்பாடு மனம் மாறும்போது பிரைமரும் (அடிப்பூச்சு) மூன்று கோட்டும் கேட்கும். 28 சதுர அடிக்கு அந்தச் செலவு பெரிதில்லை. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 65 சதுர அடி என்று வைத்தால் க்ரீம் 6 லிட்டர்: ஒரு 4 லிட்டர் டின், இரண்டு 1 லிட்டர் டின். கறுப்பு மேட் 1 லிட்டர் தாராளம். பட்டையின் ஓரத்தில் ஒட்டும் டேப்பைப் பெயின்ட் முழுதாகக் காயுமுன் உரித்துவிட வேண்டும். காய்ந்தபின் உரித்தால் ஓரம் பிய்ந்து வரும்.

டின் வாங்குமுன் சுவரில் இரண்டு அடிக்கு மாதிரி அடித்துக் காலை 10 மணிக்கும், மாலை 4 மணிக்கும், ராத்திரி விளக்கிலும் பாருங்கள். மஞ்சள் தூக்கலான க்ரீம் 3000 கெல்வின் (இளமஞ்சள் ஒளி) விளக்கில் மஞ்சள் பூசியது மாதிரி ஆகிவிடும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் எந்தக் க்ரீமும் வெளிறிப் போகும். விளக்குக்கு 1,500 போதும்: 3000 கெல்வின் எல்இடி பல்பு நான்கு, தலைமாட்டுக்கு இரண்டு ஹோல்டர்.

பீரோவுக்கு 4,500. மேட் கறுப்பு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். துருவைத் தேய்த்து எடுத்து, இரும்புக்கான பிரைமர் கொடுத்து, அதன்மேல் எனாமல். சுவருக்கு அடித்த எமல்ஷன் பெயின்ட் மிச்சம் இருக்கிறதே என்று இரும்பில் பூசினால் நகம் பட்டாலே உரியும்.

தலைமாட்டுக்கு ரெக்சின் வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் பத்தமடைப் பாய். சாயம் ஏற்றாத கோரையே க்ரீம் நிறம்தான். அதில் கறுப்புச் சாயக் கோடு ஓடினால் நீங்கள் கேட்ட நிறம் அப்படியே வந்துவிடுகிறது. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருகிறவர்களுக்கு இரண்டு கறுப்புக் கரை பெரிய வேலையில்லை. சுவரின் கறுப்புப் பட்டை ஒவ்வொரு பக்கமும் நாலு விரல் வெளியே தெரிகிற அளவு சொல்லி, நேரில் போய் நெய்யச் சொல்லுங்கள். மேல் ஓரத்தில் மரச்சட்டம் கொடுத்து மாட்டினால் மழைக்காலத்தில் கழற்றி வெயிலில் காட்டலாம். சுவரோடு ஒட்டிவிட்டால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். தரைக்கு ஒரு சின்னப் பாயும் சேர்த்து 4,000.

திரைக்கு 7,000. நான்கடி ஜன்னலுக்கு ஐந்தடிக் கம்பி. நான்கடி அகலத் துணியில் மூன்று பாகம், ஒவ்வொன்றும் 8 அடி, ஜன்னலுக்கு ஏழரை மீட்டர். தைக்குமுன் துணியை நனைத்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே தரையை விட்டு ஏறிவிடும். உள்ளே கறுப்புக் கரை இருக்கலாம், வெயிலைப் பார்க்கும் லைனிங் வெளிர் நிறமாகவே இருக்கட்டும்.

விரிப்புக்கு 5,000, மெத்தைக்கு 16,000. விரிப்பு க்ரீமாக இருக்கட்டும். கறுப்பு விரிப்பு போர் தண்ணீரிலும் வெயிலிலும் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். தலையணை உறையில் எண்ணெய்க் கறை ஏறும், அதனால் உறை மட்டும் மூன்று ஜோடி, அதில் ஒன்று கறுப்பு.

பணம் வரும் வழி இது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சம்பளத்தில் மாதம் 5,500 தனிச் சேமிப்புக் கணக்குக்கு, 3,000 கையிருப்புக்கு. சேரும் 16,500இல் சுவரை மழைக்கு முன் புரட்டாசியில் முடியுங்கள். போனஸில் 21,000க்கு மெத்தையும் விரிப்பும் (கோ-ஆப்டெக்ஸ் தீபாவளித் தள்ளுபடியில் விரிப்பு எடுங்கள்), மீதி 4,000 கையிருப்புக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறுபடி 16,500. முன்பு மிஞ்சிய 500ஐயும் சேர்த்தால் 17,000: பீரோ, திரை, பாய், விளக்கு. டிசம்பர் முடிவில் கையிருப்பு 1,12,000 ஆகியிருக்கும். அதன்பிறகு 8,500ஐ முழுசாக அதிலேயே போட்டால் ஐந்தாவது மாதம் 1,48,500ஐத் தாண்டும்.

மெத்தைக்கு முன்பணம் கொடுக்குமுன் தேக்குக் கட்டிலின் உள் அளவை டேப் வைத்து எடுங்கள். பழைய ஆசாரி வேலைக் கட்டில்கள் இன்றைய கடை அளவுக்குப் பொருந்துவது குறைவு. அளவு சொல்லித் தைக்கிற இடத்தில் வாங்கினால் ஓரத்தில் இரண்டு அங்குலம் பள்ளம் விழாது.