பாத்திரத்தில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் வசிக்கிறேன். வீட்டில் இருந்தபடியே சமையல் குறிப்புகளையும் மிக்ஸி, அடுப்பு போன்ற சாதனங்களின் கையேடுகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தருகிறேன். 'செட்' என்ற சின்னச் சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அதற்கு 430 பொருள் இருக்கிறதாம். தமிழில் அப்படி ஒரு சொல்லாவது உண்டா? இல்லையென்றால் தமிழ் இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை என்றுதானே அர்த்தம்? 'இரவு முழுவதும் செட் ஆக விடவும்' என்று வந்த வரிக்கு 'அமைய விடவும்' என்று எழுதினேன். புரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செட்டுக்கு எல்லா இடத்திலும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல் எது? ஒரே பொருள் தரும் சொற்களை அடுக்கித் தரும் நல்ல இணைச்சொல் அகராதி ஒன்றையும் சொல்லுங்கள். பேச்சில் 'செட் ஆகல' என்று சொல்வது தவறா?

ச., பெரம்பூர்

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை உடனே தள்ளிவிடுகிறேன். பேச்சில் 'செட் ஆகல' என்று தாராளமாகச் சொல்லுங்கள். அதனால் தமிழுக்கு ஒன்றும் ஆகாது. அகராதிக்கு பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கையில் கிடைப்பதை வாங்குங்கள். ஆனால் அதை வைத்து மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

உங்கள் கடிதம் வந்தபோது எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தளம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் மேலே ஏறலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "செட் ஆயிடுச்சு சார், ஆனா இன்னும் இறுகல. கால் வைக்கலாம், பாரம் வைக்கக் கூடாது. பாத்தி கட்டி தண்ணி நிக்க வைக்கணும்" என்றார். சிமெண்ட் கலவை சில மணி நேரத்தில் செட் ஆகிவிடும். பலம் ஏற நாள் பிடிக்கும்; 28 நாள் என்பது அவர்கள் கணக்கு. இரண்டும் ஒன்றல்ல என்று மேஸ்திரிக்குத் தெரியும். இணைச்சொல் பட்டியல் மட்டும் இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடும். அன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் உங்கள் கடிதத்தைப் பிரித்தால் அதே சொல்.

இப்போது திட்டப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழ் வளரவில்லை என்று எதை வைத்து எழுதினீர்கள்? 430 என்ற எண்ணை வைத்தா? அந்த எண் 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் பதிப்பினுடையது. செட் என்ற வினைச்சொல்லுக்கான பதிவு மட்டும் அதில் 60,000 சொற்கள் நீளும். பிறகு அதே அகராதிக்காரர்கள் திருத்திக்கொண்டு வரும்போது 'ரன்' அதை முந்திவிட்டது, 645 பொருளோடு. இருபது சொச்சம் வருடத்தில் ஆங்கிலேயர்கள் புதிதாக ஓடக் கற்றுக்கொண்டார்களா? எண்ணுகிறவர்கள் இன்னும் நுணுக்கமாக எண்ணினார்கள், அவ்வளவுதான். முதல் பகுதி 1884இல் அச்சாகி, முழுதும் முடிய 1928 ஆயிற்று. ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் படித்து, துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பிய உழைப்பு அது. அந்த உழைப்பை நான் கும்பிடுகிறேன். ஆனால் அது அகராதியின் பெருமை. அதை எடுத்துத் தமிழின் சிறுமை என்று திருப்பிப் போடுவது என்ன நியாயம்?

இன்னொன்று. செட் என்பது உண்மையில் ஒரே சொல்கூட இல்லை. 'நகை செட்', 'செட் தோசை' என்கிறோமே, அந்தக் கூட்டம் என்ற பொருளுள்ள பெயர்ச்சொல் லத்தீனில் 'செக்டா' என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. கூட்டத்தார், பிரிவினர் என்று அதற்குப் பொருள். அலாரம் செட் பண்ணுகிறோமே, அந்த வினைச்சொல் வேறு வழியில் வந்தது. அது பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்'. உட்காருதல் என்ற வினையின் பிறவினை வடிவம். இருவேறு குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே பெயரோடு ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள்.

பிறவினை என்றேன் அல்லவா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. செட்டன் என்றால் உட்கார வை. நம்முடைய 'வை'தான் அது.

கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள் அம்மா. அலாரம் வைக்கிறோம். எலிக்குப் பொறி வைக்கிறோம். தீ வைக்கிறார்கள். பொருளுக்கு விலை வைக்கிறார்கள், மாணவர்களுக்குப் பரீட்சை வைக்கிறார்கள், தோட்டில் கல் வைக்கிறார்கள், நாற்றை எடுத்து வயலில் வைக்கிறார்கள். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் செட் வரும். இனி செட் எட்டாத இடங்களைப் பாருங்கள். குழம்பு வைக்கிறோம். பொட்டு வைக்கிறோம். குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம். மளிகைக் கடையில் பாக்கி வைக்கிறோம். இது பெரிய பொருள்கள் மட்டும்தான். துணைவினையாக வரும் வையை இன்னும் தொடவில்லை. சிரிக்க வைத்தாள், காத்திருக்க வைத்தான், வாழ வைத்தார்கள். எந்த வினையோடு சேர்த்தாலும் அதைப் பிறவினை ஆக்கிவிடும். அப்புறம் 'சொல்லி வை', 'வாங்கி வை', 'பார்த்து வை'. நாளைக்கு உதவும் என்று இன்றே செய்து முடிப்பது. 'அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை' என்பதில் உள்ள முன்யோசனையை ஆங்கிலத்தில் எழுத மூன்று நான்கு சொல் செலவழிக்க வேண்டும். போதாததற்கு, திட்டுவதற்கும் 'வைதல்' என்று ஒரு சொல் உண்டு. அதுவும் 'வை' என்றே நிற்கும், ஆனால் 'வைதார்' என்று வேறு வழியில் திரியும். நான் இப்போது உங்களை வைதுகொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது இது! மெரினா எதிரே நிற்கும் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். அதில் 'வை', 'பிடி', 'போடு', 'எடு' இந்த நான்கையும் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து படியுங்கள். பிறகு எழுதுங்கள் எனக்கு, தமிழ் வளரவில்லை என்று.

இதை நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. 1982இல் திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஈய எழுத்துக் காலம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்துவிட்டாலும், யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய லை, னை எழுத்துகள் எழுத்துப் பெட்டியான கேஸின் மூலையில் தூசியோடு கிடந்தன. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும் என்பதால் மொழிபெயர்ப்பையும் என்னிடமே கொடுத்துவிடுவார்கள். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஆங்கில இணைச்சொல் அகராதி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.

ஒரு நாள் கல்யாணச் சமையல்காரர் ஒருவருடைய நோட்டீஸ் வந்தது. ஆங்கிலத்தில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். இருநூறு பேருக்கு மேசை செட் செய்து தருவோம் என்று ஒரு வரி. நான் அகராதியைப் பார்த்து 'மேசைகளை அமைத்துத் தருவோம்' என்று எழுதி, நானே அச்சுக் கோக்கவும் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் தலைமைக் கம்பாசிட்டர் பின்னால் வந்து நின்று, என் கையில் இருந்த, எழுத்துகளை வரிசையாக அடுக்கும் ஸ்டிக்கைப் பார்த்தார். தலைகீழ் எழுத்தை நேர் எழுத்தைவிட வேகமாகப் படிப்பவர். "மேசைய அமைக்கிறவன் ஆசாரிடா. இவரு சமையக்காரரு. பந்தி நேரத்துல இவரு ஆளுங்க கையால என்ன செய்வாங்க?" என்று கேட்டார். "இலை போடுவாங்க" என்றேன். "அப்ப அத எழுது." அந்த வரியைப் பிரித்து எழுத்துகளை ஒவ்வொன்றாக அதனதன் அறையில் போட்டார். குரல் உயரவே இல்லை. அன்று மதியம் அவர் வீட்டிலிருந்து வந்த தயிர் சாதத்தில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

எங்கள் வேலைக்கும் ஆங்கிலத்தில் செட்தான், டைப் செட்டிங். அவர்கள் எழுத்தை உட்கார வைக்கிறார்கள். நாம் பூவையும் மணியையும் போல எழுத்தைக் கோக்கிறோம். அச்சுக் கோத்தல். வேலை ஒன்று, கை ஒன்று, ஈயம் ஒன்று. பார்த்த கண் வேறு. 'ஒரே தமிழ்ச் சொல் எது' என்று நீங்கள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியாமல் இருப்பது இதனால்தான்.

அந்தப் பெரியவர் இலக்கணம் படித்தவரில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி தொல்காப்பியத்தில் இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எதைக் கொள்வது என்று எப்படித் தெரியும்? உடன் வரும் வினையால் தெரியும், சேர்ந்து நிற்கும் இனத்தால் தெரியும், சூழ்நிலை என்கிற சார்பால் தெரியும் என்கிறது அதன் சொல்லதிகாரம். உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வார்கள். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. வெறுமனே விழுந்தது என்றால்? மாவும் பலாவும் விழுந்தன என்று இனத்தைச் சேர்த்தால் மறுபடி மரம். நம் பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு ஒரு சொல் பல்பொருளுக்கென்றே பதினோராம் தொகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறது. இலண்டனில் ரோஜட் என்ற மருத்துவர் 1852இல் கருத்து வாரியாகச் சொற்களை அடுக்கி இணைச்சொல் அகராதி போட்டது நல்ல காரியம்தான். ஆனால் அவர் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியவை அண்டை வீட்டுச் சொற்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் குடிவைக்கச் சொல்லி அவர் அடுக்கவில்லை.

சரி, உங்கள் வரிக்கு வருகிறேன். இரவு முழுவதும் செட் ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பால் என்றால் 'தோயட்டும்', அல்லது உங்கள் வீட்டு வழக்கம் 'உறையட்டும்' என்றால் அது. கடல்பாசி என்றால் 'இறுகட்டும்'. இட்லி மாவு என்றால் அது செட் ஆவதே இல்லை, 'புளிக்கட்டும்'. வினை கொடுத்தீர்கள், சார்பு கொடுத்தீர்கள், இனத்தை விட்டுவிட்டீர்கள். கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன், பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று எங்கேயும் காணோம். அதை எழுதி அனுப்புங்கள்.